சைபரை அடி, ஐந்தால் பெருக்கு

எங்கள் வீட்டில் சிக்கனச் சட்டத்தைக் கொண்டுவந்தவன் நான். ஆள் இல்லாத அறையில் விளக்கு எரியக் கூடாது. பற்பசைக் குழாயைக் கத்தரிக்கோலால் பிளந்து பார்த்த பிறகுதான் அது தீர்ந்துவிட்டது என்று அறிவிக்க வேண்டும். கல்யாணத்துக்குப் போனால் தாம்பூலப் பையை மறக்காமல் வாங்கி வர வேண்டும். தேங்காய்க்காக இல்லாவிட்டாலும் பைக்காக. செலவு எதுவானாலும் நோட்டில் ஏற வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் பேரேடு எழுதியே தலை நரைத்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு வீட்டிலும் ஒரு பேரேடு இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

மகள் ஆறாம் வகுப்பிலேயே இந்தச் சட்டத்தின் ஓட்டைகளைக் கண்டுபிடித்துவிட்டாள். நோட்டில் 'ஜியோமெட்ரி பாக்ஸ்' என்று இருக்கும். அடுத்த மாதமும் இருக்கும். அதற்கடுத்த மாதமும் இருக்கும். வீட்டில் ஒரு காம்பஸைக்கூடக் கண்ணால் பார்க்க முடியாது. "சொந்தக் காசைச் செலவழிக்கும்போது தெரியும்டி பணத்தோட அருமை" என்று நான் சாபம் கொடுப்பதுண்டு. அந்தச் சாபம் பலித்தது. என் தலையில் வந்து விடியும் என்றுதான் எதிர்பார்க்கவில்லை.

அவளுக்கு இந்தோனேசிய அரசின் தர்மசிஸ்வா உதவித்தொகை கிடைத்தது. வெளிநாட்டு மாணவர்களை அழைத்து, தங்கள் மொழியையும் கலையையும் கற்றுக்கொடுப்பதற்காக 1974-லிருந்து அவர்கள் நடத்திவரும் திட்டம். ஜாவாத் தீவில் யோக்யகர்த்தா என்ற ஊருக்குப் போய் பாத்திக் படிக்கப் போகிறாள் என்று தெருவில் சொன்னேன்.

"பாத்திக்னா என்ன சார்?" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"உருக்கின மெழுகால துணியில சித்திரம் போட்டு, சாயத்துல முக்கி, அப்புறம் மெழுகை எடுக்கறது."

"அதுக்குச் சின்னாளபட்டி போதாதா சார்?"

இந்த மாதிரி ஆட்களுக்குச் சரித்திரத்தைக் கொண்டுதான் பதில் சொல்ல வேண்டும். "ராஜேந்திர சோழன் கப்பல்ல போய் ஜெயிச்ச ஊருங்க அது" என்றேன். மகள் உள்ளேயிருந்தே குரல் கொடுத்தாள்: "அப்பா, அவர் 1025-ல படை அனுப்பினது ஸ்ரீவிஜயத்துக்கு. அது சுமத்ரா. நான் போறது ஜாவா!" எதிர்வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினார். இப்படித் தீவு தீவாகப் பிரித்துப் பார்த்தால் நமக்கு மிஞ்சுகிற வீரம் எவ்வளவு?

அவள் போய்ச் சேர்ந்த சில மாதங்களில் நானும் என் மனைவியும் அவளைப் பார்க்கக் கிளம்பினோம். விமான நிலையத்தில் விசாவுக்கு ஆளுக்கு 5 லட்சம் என்றார்கள். எனக்குச் சங்கத்தில் கிடைத்த பணிக்கொடை ஒரு கணம் கண்முன் வந்து போனது. போனில் மகள் சூத்திரம் சொல்லிக்கொடுத்தாள்: "மூணு சைபரை அடிச்சிருங்கப்பா. மிச்சத்தை அஞ்சால பெருக்குங்க. அதான் நம்மூர் ரூபா." அடித்துப் பெருக்கிப் பார்த்தால் 2,500. உயிர் வந்தது. அங்கேயே ஏ.டி.எம்.மில் என் வாழ்நாளில் முதல்முறையாக லட்சக்கணக்கில் பணம் எடுத்தேன். பர்ஸ் மூட மறுத்தது. சட்டைப் பையில் பாதி, பர்ஸில் பாதி என்று வைத்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். ஊர் போய் இறங்கியதும் மகள் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, எழுந்திருக்கும்போதே கையை நீட்டினாள்: "குடுங்கப்பா, நான் வெச்சுக்கறேன். உங்களை ஏமாத்திருவாங்க." லட்சாதிபதி வாழ்க்கை அத்தோடு முடிந்தது.

உள்ளூர்க்காரர்கள் ஊரை ஜோக்ஜா என்று சுருக்கித்தான் சொல்கிறார்கள். மாணவர்களால் நிறைந்த ஊர். அவர்கள் தங்குகிற வாடகை அறைகளுக்கு 'கோஸ்' என்று பெயர். மகள் இருப்பது பெண்கள் மட்டும் தங்கும் கோஸ். ஆண்கள் திண்ணையைத் தாண்டக் கூடாது. பெற்ற அப்பன் என்றாலும் ஆண் ஆண்தான் என்பது வீட்டுக்கார அம்மாளின் தீர்ப்பு. நான் திண்ணையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இனிப்பான தேநீர் குடித்துக்கொண்டிருக்க, மனைவி உள்ளே போய் ஆய்வு நடத்தி வந்தாள். வந்தவள் முகத்தில் கவலை.

"என்னங்க, பேஸ்ட் டியூபை வெட்டி வெச்சிருக்கா."

எனக்குப் புல்லரித்தது. புல்லரிப்பின் பொருள் அன்று புரியவில்லை.

சனி, ஞாயிறு வகுப்பு இல்லை. "ரெண்டு நாள்ல எல்லாத்தையும் காட்டிர்றேன். பட்ஜெட் போட்டாச்சு" என்று போனை நீட்டினாள். நான் ஏ.சி. கார் ஒன்று பேசலாம் என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நான் முப்பது வருஷமாக மற்றவர்களைப் பார்த்த அதே பார்வை.

"எட்டாயிரம் ரூபியாவுக்கு ரயில் இருக்குப்பா."

மூன்று சைபரை அடித்து ஐந்தால் பெருக்கினால் 40 ரூபாய். என்ன பதில் சொல்ல முடியும்?

சனிக்கிழமை காலை ஆகாரத்துக்கு குடெக். ஜோக்ஜாவின் பெருமையே குடெக்தான் என்றாள். ஒரு சந்தில் பாய் விரித்து, குட்டை மேசை போட்டிருந்தார்கள். சம்மணம் போட்டு உட்கார்ந்தோம். எழுந்திருக்கும் கவலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தேன். இலையில் சோறு, அதன் பக்கத்தில் கரும்பழுப்பாக ஒரு குவியல், மேலே கெட்டித் தேங்காய்ப் பால். என் மனைவி குனிந்து முகர்ந்தாள். விரலால் ஒரு துண்டை எடுத்து நசுக்கினாள். "அடியே, இது நம்ம பலாமுசு!" என்றாள். பலாமுசுவேதான். அதைத் தேங்காய்ப் பாலிலும் பனைவெல்லத்திலும் மணிக்கணக்காக வேகவிடுகிறார்கள். நிறத்துக்குத் தேக்கிலை போடுகிறார்கள். மாட்டுத்தோலில் செய்கிற ஒரு காரக் குழம்பும் வழக்கமாகக் கூடவே வருமாம். நாங்கள் சைவம் என்பதால் மகள் அதைச் சட்டியிலேயே தடுத்து நிறுத்திவிட்டாள்.

முதல் வாய் அருமை. இரண்டாவது வாய், வெல்லம். மூன்றாவது வாயில் இது சாப்பாடா, பட்சணமா என்ற சந்தேகம் வந்துவிட்டது. மனைவியின் கைப்பையிலிருந்து நார்த்தங்காய்ப் பொட்டலம் வெளியே வந்தது. குடெக் பரிமாறிய அம்மாள் அதை எட்டிப் பார்த்தாள். நம் வழக்கப்படி அவளுக்கும் ஒரு துண்டு கொடுத்தாயிற்று. அவள் வாயில் போட்டாள். ஜாவாக்காரர்கள் மரியாதை மிகுந்தவர்கள், எதிராளி மனம் நோக எதையும் சொல்ல மாட்டார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அந்த அம்மாள் கண்ணில் நீர் தளும்ப, புன்னகை மாறாமல், முழுசாக விழுங்கினாள். கேள்விப்பட்டது உண்மைதான்.

பிரம்பானான் கோயிலுக்குப் போன ரயில் சுத்தமாக இருந்தது, குளுகுளு என்று இருந்தது, சொன்ன நேரத்துக்கு வந்தது. அதனால் அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. பிரம்பானான் நிலையத்தில் இறங்கினால் கோயில் கூப்பிடு தூரம் என்று மகள் சொல்லியிருந்தாள். கூப்பிடுகிறவனுக்கு நல்ல தொண்டை வேண்டும். லாரிகள் பறக்கும் நெடுஞ்சாலை ஓரமாக வெயிலில் நடந்தோம். மூன்று சக்கர பெச்சாக் வண்டிக்காரர் ஒருவர் எங்கள் கூடவே மெதுவாக உருட்டிக்கொண்டு வந்தார். நான் ஆசையோடு அவரைப் பார்த்தேன்.

"நடந்தா சர்க்கரை இறங்கும்னு நீங்கதானேப்பா சொல்லுவீங்க?" என்றாள் மகள், திரும்பிப் பார்க்காமலே.

சொல்லியிருக்கிறேன். அவள் பள்ளிக்கூடத்துக்கு ஆட்டோ கேட்டபோது சொன்னது. அப்போது அவளுக்குச் சர்க்கரை ஏது என்று இப்போதுதான் தோன்றுகிறது.

வாசலில் இரண்டு கவுண்டர். உள்ளூர்க்காரர்களுக்கு 50,000 ரூபியா. வெளிநாட்டுக்காரர்களுக்கு நாலு லட்சத்தை ஒட்டி. வசிப்பு அட்டை வைத்திருந்த மகள் உள்ளூர்க் கவுண்டரில் ஜாம்ஜாமென்று போய் நின்றாள். நானும் மனைவியும் வெள்ளைக்காரர்கள் வரிசையில் நின்றோம். மாமல்லபுரம் ஞாபகம் வந்தது. நமக்கு 40 ரூபாய், அவர்களுக்கு 600 ரூபாய். அங்கே தொப்பியும் வேர்வையுமாக நிற்கும் வெள்ளைக்காரர்களை, 40 ரூபாய்ச் சீட்டைக் கையில் விசிறிக்கொண்டு, எத்தனை முறை இளக்காரமாகப் பார்த்திருப்பேன்! இப்போது வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஜெர்மன்காரரிடம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். ஆனால் கணக்கர் புத்தி சும்மா இருக்குமா? 600-ஐ 40-ஆல் வகுத்தால் 15 மடங்கு. நாலு லட்சத்தை 50,000-ஆல் வகுத்தால் 8 மடங்குதான். கொள்ளையில் நம்மை மிஞ்ச இவர்களால் ஆகவில்லை என்ற நிறைவோடு சீட்டு வாங்கினேன்.

தஞ்சாவூர்க்காரனுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தக் கோபுரத்தைப் பார்த்தாலும் பெரிய கோயிலை எடுத்துப் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பான். பிரம்பானானின் நடுவில் நிற்கும் சிவன் கோயில் 47 மீட்டர், அதாவது 154 அடி. நம்முடையது 200 அடிக்கு மேல். "நம்மளுதுதான் ஒசரம்" என்றேன். "இது கி.பி. 856-லேயே கல்வெட்டுல வந்திருச்சுப்பா. பெரிய கோயில் முடிஞ்சது 1010-ல" என்றாள் மகள். நான் பேச்சை மாற்றி, வெயில் அதிகம் என்றேன்.

ஆனால் உள்ளே போனதும் எனக்கு வாய் அடைத்துப் போனது நிஜம். கிழக்குப் பார்த்த சந்நிதியில் ஆளைவிடப் பெரிதாகச் சிவன் நிற்கிறார். வடக்கு அறையில் எருமை மேல் துர்க்கை. நம்மூர்க் கோஷ்டத்திலும் வடக்கே துர்க்கைதானே! அப்படியானால் தெற்கே தட்சிணாமூர்த்தி இருக்க வேண்டும் என்று மனைவி முன்னால் போனாள். இருட்டில் தாடியும் தொந்தியுமாக ஒருவர் நின்றுகொண்டிருந்தார். "யாருங்க இது?" என்றாள். அகத்தியர். பொதிகை மலையில் இருப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிற அதே குறுமுனி, கடல் தாண்டி, ஜாவாவில் சிவன் கோயிலின் தெற்கு அறையில் ஆயிரத்து நூறு வருஷத்துக்கு மேல் நிற்கிறார். மனைவி கைப்பையைத் திறந்தாள். திருநீறா, நார்த்தங்காயா என்று தெரியாமல் மகள் பதறிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். திருநீறுதான். தன் நெற்றியில் மட்டும் இட்டுக்கொண்டு, கண்ணை மூடி நின்றாள். அர்ச்சனைச் சீட்டு கேட்க ஆளில்லை, சிறப்பு வழி இல்லை, "நகருங்க நகருங்க" இல்லை. அவளுக்கு அது கொஞ்சம் ஏமாற்றம் என்றே நினைக்கிறேன்.

சுற்றிலும் இருநூறுக்கு மேற்பட்ட சிறு கோயில்கள் இருந்தனவாம். நிலநடுக்கத்தில் சரிந்து, பெரும்பாலும் கற்குவியலாகவே கிடக்கின்றன. மூலக்கல் முக்கால்வாசியாவது கிடைத்தால்தான் திரும்பக் கட்டுவது என்று விதி வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர்த் திருப்பணிக் கமிட்டியிடம் இந்தக் குவியலை ஒப்படைத்திருந்தால் ஒரே வருஷத்தில் டைல்ஸ் பதித்து, உபயதாரர் பெயரோடு டியூப்லைட்டும் மாட்டி முடித்திருப்பார்கள்.

துர்க்கைக்கு உள்ளூரில் வேறு கதை. ஒரு இளவரசியைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டவனிடம் அவள், ஒரே இரவில் ஆயிரம் கோயில் கட்டச் சொன்னாளாம். அவன் பூதங்களை வேலைக்கு வைத்து 999 கட்டிவிட்டான். அவள் ஊர்ப் பெண்களை எழுப்பி நெல் குத்தச் சொல்லி, கிழக்கே தீ மூட்டினாள். விடிந்துவிட்டது என்று சேவல் கூவ, பூதங்கள் ஓடிவிட்டன. ஏமாந்தவன் அவளையே ஆயிரமாவது சிலையாகும்படி சபித்துவிட்டான். எல்லாரும் இதைக் காதல் கதையாகச் சொல்கிறார்கள். 999 முடித்த காண்டிராக்டருக்கு ஒன்று குறைகிறது என்று முழு பில்லையும் நிறுத்திவைத்த அதிகாரிகளைப் பார்த்தவன் நான். என் அனுதாபம் முழுக்க அவன் பக்கம்தான்.

மதியச் சாப்பாடு பட்ஜெட்டில் இல்லை. மூன்று பேருக்கு இரண்டு ஐஸ் டீ. "பகிர்ந்துக்கலாம்ப்பா" என்றாள். உறிஞ்சுகுழலையும் பகிர்ந்துகொள்ளச் சொல்வாளோ என்று பயந்தேன். அந்த அளவுக்குப் போகவில்லை.

அன்று ராத்திரி அவள் அழைத்துப் போன இடத்தை நான் மறக்க மாட்டேன். அங்க்ரிங்கான் என்பார்கள். தள்ளுவண்டி, மேலே தார்ப்பாய், சுற்றி மூன்று பக்கமும் பலகை. வண்டியின் ஓரத்தில் கரி அடுப்பு, அதன் மேல் மூன்று கெண்டி. பலகாரங்கள் தட்டுத் தட்டாகப் பரப்பியிருக்கும். மாவில் தோய்த்துப் பொரித்த தெம்பே என்ற சோயாக் கட்டி, காய் அடைத்த டோஃபு, குச்சியில் கோத்த என்னென்னவோ. நடுவில் குவியலாகக் கையளவுப் பொட்டலங்கள். ஒரு பிடி சோறு, அதன் மேல் ஒரு தேக்கரண்டி வறுவல். பூனைக்கு வைக்கிற அளவு என்பதால் அதற்குப் பூனைச்சோறு என்றே பெயர். மாணவர்கள், ரிக்‌ஷாக்காரர்கள், டை கட்டியவர்கள் எல்லாரும் ஒரே பலகையில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கருவாடு கலக்காத, தெம்பே வைத்த பொட்டலங்களாகப் பார்த்து மகள் எங்களுக்கு எடுத்துக் கொடுத்தாள்.

என்னைத் திகைக்க வைத்தது சாப்பாடு இல்லை. பில். பில்லே கிடையாது. யார் என்ன எடுக்கிறார்கள் என்று கடைக்காரர் பார்ப்பதில்லை. சாப்பிட்டு முடித்ததும் நாமே "சோறு இத்தனை, பலகாரம் இத்தனை" என்று சொல்ல வேண்டும். அவர் கூட்டித் தொகை சொல்வார். இருப்புப் பதிவேடு இல்லை, டோக்கன் இல்லை, தணிக்கை இல்லை. இப்படியும் ஒரு வியாபாரம் உலகத்தில் நடக்கிறது என்று சங்கத்தில் யாரிடமாவது சொன்னால் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்பார்கள்.

"அப்பா, பலகாரம் எத்தனை எடுத்தீங்க?"

"நாலு" என்றேன்.

"ஏழு" என்றாள் என் மனைவி, தலை நிமிராமல்.

தமிழ் தெரியாத கடைக்காரரும் சிரித்தார். நல்லவேளையாக அந்த நேரத்தில் வேறொரு சம்பவம் நடந்து என்னைக் காப்பாற்றியது. மகள் வாடிக்கைக்காரி போலிருக்கிறது. கடைக்காரர் அவளைக் கேட்காமலே, வழக்கம்போல, இரண்டு குச்சி எடுத்து அடுப்பில் வாட்டி அவள் தட்டில் வைத்தார். குச்சிக்கு நாலைந்தாகக் காடை முட்டை. பலகையில் திடீரென்று அமைதி. மகள் முட்டையைப் பார்த்தாள். மனைவி மகளைப் பார்த்தாள். நான் தார்ப்பாயைப் பார்த்தேன்.

"பக்கத்துல இருக்கறவங்களோடதும்மா" என்றாள் மகள்.

பக்கத்தில் யாருமில்லை. "ஆறிடப் போகுது, அவங்க வந்ததும் குடு" என்றாள் மனைவி. பணம் கொடுக்கும்போது மகள் கடைக்காரரிடம் ஜாவா மொழியில் மெதுவாக ஏதோ சேர்த்துச் சொன்னாள். நேர்மையை அந்த ஊரில் நன்றாகத்தான் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

அதன் பிறகு காபி. டம்ளரில் காபிப்பொடியும் சர்க்கரையும் போட்டுக் கொதிநீர் ஊற்றுகிறார்கள். வடிகட்டுவதில்லை. அந்த அதிர்ச்சியிலிருந்து நான் மீள்வதற்குள் கடைக்காரர் இடுக்கியால் அடுப்பிலிருந்து கனன்றுகொண்டிருந்த கரித்துண்டை எடுத்து டம்ளருக்குள் போட்டார். உஸ்ஸென்று பொங்கியது. கும்பகோணம் டிகிரி காபியில் வளர்ந்த உடம்பு இது. பாலில் ஒரு சொட்டு தண்ணீர் கலந்தாலே கண்டுபிடித்துவிடும் நாக்கு. கரியை என்ன செய்யும்? குடித்தேன். ஆச்சரியம், நன்றாகவே இருந்தது. கசப்பு மட்டுப்பட்டு, லேசாக வெல்லப்பாகு முறுகிய வாசனை. உடனே எனக்கு ஒரு பெருமை கிடைத்தது. டச்சுக்காரர்கள் ஜாவாவுக்கு முதல் காபி நாற்றுகளைக் கொண்டுபோனது 1696-ல், நம் மலபாரிலிருந்து. "இந்தக் காபிக்கு விதை போட்டதே நாமதான்" என்று மகளிடம் சொன்னேன். "அந்த நாத்து வெள்ளத்துல போயிருச்சுப்பா. திரும்ப 1699-ல கொண்டுவந்தாங்க" என்றாள். இரண்டு தடவை நாற்று கொடுத்திருக்கிறோம் என்று திருத்திக்கொண்டேன்.

திரும்பும்போது ராத்திரி பத்து மணிக்கு மேல். "டாக்ஸி?" என்றேன், நப்பாசையில். அவள் போனில் தட்டினாள். பச்சை ஜாக்கெட் போட்ட மூன்று பையன்கள் மூன்று மோட்டார் சைக்கிளில் வந்து நின்றார்கள். அங்கே அதுதான் ஆட்டோ. என் மனைவி எங்கள் ஸ்கூட்டரில் உட்காருவதற்கே தெருவைக் கூட்டுகிறவள். அவள் ஹெல்மெட்டை வாங்கிக் கொண்டைக்கு மேல் கவிழ்த்து, புடவையை இழுத்துச் செருகி, ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்து, "போப்பா" என்றாள். தமிழில்தான். பையன் பறந்தான். என் வண்டிக்காரன் மெதுவானவன், பேச்சுக்காரன். இந்தியா என்றதும் ஷாருக் கான் என்றான். பிறகு மகாபாரதம் என்றான். நம் இந்தி மகாபாரதத் தொடர் 2014-ல் அங்கே ஒளிபரப்பாகி, நாடே டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்ததாம். தோல்பாவைக் கூத்தில் விடிய விடிய மகாபாரதம் பார்த்து வளர்ந்த ஊர். அர்ஜுனனும் பீமனும் அவர்களுக்குச் சொந்தக்காரர்கள். தஞ்சாவூர் என்று நான் சொன்னது மட்டும் அவன் காதில் ஏறவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியுமுன்பே எழுப்பிவிட்டாள். மாணவர்கள் சாப்பிடும் ஒரு சின்னக் கடையில் பாசிப்பயறுக் கஞ்சி. தேங்காய்ப் பால், வெல்லம், இஞ்சி. என் மனைவி வாயைத் திறந்து பாராட்டிய ஒரே ஜாவா உணவு அதுதான். "சுக்கு கொஞ்சம் தட்டிப் போட்டிருக்கலாம்" என்ற திருத்தத்தோடு. பிறகு 40 கிலோமீட்டர் பஸ் பயணம், போரோபுதூர் பௌத்தக் கோயிலுக்கு.

ஏறிப் பார்க்க அவள் முன்கூட்டியே இணையத்தில் பதிந்திருந்தாள். எங்களுக்கு ஆளுக்கு நாலரை லட்சம். சட்டென்று சைபரை அடித்துப் பெருக்கி மனைவிக்குத் தெரியாமல் பெருமூச்சு விட்டேன். கல் தேயாமல் இருக்க அவர்களே பாய்போல முடைந்த செருப்பு ஒன்று தருகிறார்கள். அதைப் போட்டுக்கொண்டுதான் ஏற வேண்டும். செருப்பு நமக்கே சொந்தம் என்றதும் எனக்கு நாலரை லட்சம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது.

எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளில் சைலேந்திர மன்னர்கள் எழுப்பிய மலை அது. உள்ளே கருவறை என்று ஒன்று கிடையாது. அடுக்கடுக்காகச் சுற்றி, சிற்பங்களைப் பார்த்துக்கொண்டே மேலே போக வேண்டும். உச்சியில் துளைபோட்ட கல் ஸ்தூபிகள் 72. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு புத்தர். மொத்தப் புத்தர் சிலைகள் 504 என்று வழிகாட்டிப் பெண் சொன்னதும் நான் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். இருப்பு 504. இன்று காணாதவை 43. தலையோ கையோ போனவை 300-க்கும் மேல். இவ்வளவு பற்றாக்குறைக்கு யார் பொறுப்பு என்றேன். 1896-ல் டச்சு அரசு, பார்க்க வந்த சயாம் மன்னருக்கு எட்டு வண்டிச் சிற்பங்களைத் தூக்கிக் கொடுத்துவிட்டதாம். எட்டு வண்டி! ரசீது வாங்கினார்களா என்று கேட்கச் சொன்னேன். மகள் மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள்.

கீழே அடித்தளத்தில் 160 சிற்பப் பலகைகள் கற்சுவருக்குப் பின்னால் மறைந்திருக்கின்றன. செய்த வினைக்கு என்ன பலன் என்று காட்டும் பலகைகள். புறம் பேசுவதில் ஆரம்பித்துக் கொலை வரைக்கும். 1890 வாக்கில் எல்லாவற்றையும் போட்டோ எடுத்துவிட்டு மூடிவிட்டார்கள். தென்கிழக்கு மூலையில் மட்டும் கொஞ்சம் திறந்திருக்கிறது. கஞ்சத்தனத்துக்கு ஏதாவது தண்டனை இருக்கிறதா என்று என் மனைவி அங்கே ரொம்ப நேரம் தேடினாள். எங்கள் இருவரில் யாருக்காகத் தேடினாள் என்று தெரியவில்லை. என்னையும் மகளையும் சேர்த்தே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இறங்கியதும் பள்ளிக்கூடப் பெண்கள் ஒரு பட்டாளம், தலையில் வெள்ளை முக்காடும் கையில் நோட்டுமாக, "ஹலோ மிஸ்டர்!" என்று வளைத்துக்கொண்டது. ஆங்கிலம் பழகுவதற்காக வெளிநாட்டுக்காரர்களைப் பேட்டி எடுத்து வரும்படி ஆசிரியர்கள் அனுப்புகிறார்கள். பெயர் என்ன, எந்த ஊர், பொழுதுபோக்கு என்ன? கணக்கு எழுதுவது என்றேன். நோட்டில் எழுதிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து, பேனாவை நிறுத்தி, பரிதாபமாகப் பார்த்தாள். அடுத்த கேள்வி, இந்தோனேசிய உணவில் பிடித்தது எது? நான் யோசிப்பதற்குள் அவர்கள் கண் என் மனைவியின் பட்டுப்புடவை மேல் போய்விட்டது. அதன் பிறகு வரிசையாக போட்டோ. என்னிடம் போனைக் கொடுத்து எடுக்கச் சொன்னார்கள்.

சாயங்காலம் பாத்திக் வாங்க பெரிங்ஹார்ஜோ சந்தை. மகள் தன் கையைக் காட்டினாள். விரல்களில் சின்னச் சின்னதாக மெழுகு சுட்ட தழும்பு. சின்னச் செம்புக் கிண்ணத்தில் மூக்கு வைத்து, மூங்கில் பிடி போட்ட ஒரு பேனாவில் சூடான மெழுகை ஊற்றி, ஒவ்வொரு புள்ளியாக வரைய வேண்டும். ஒரு துணிக்கு வாரக்கணக்காகும், மாதக்கணக்கும் ஆகும். யுனெஸ்கோ 2009-ல் பட்டியலில் சேர்த்த கலை என்று பெருமையாகச் சொன்னாள். நான் அதற்குள் மலிவாக ஒரு சட்டையைத் தேர்ந்தெடுத்திருந்தேன். அவள் அதைப் புரட்டிப் பார்த்தாள். உள்பக்கம் வெளிறிக் கிடந்தது. "பிரிண்ட்டுப்பா. மெழுகுல போட்டதுன்னா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும்." இருக்கட்டும், உள்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்றேன். "அது மட்டுமில்ல. இந்தச் சாய்ஞ்ச அலை டிசைன் பழைய காலத்துல ராஜ குடும்பத்துக்கு மட்டும்தான். இப்பவும் அரண்மனைக்குள்ள நாம அதைப் போட்டுட்டுப் போகக் கூடாது."

"ராஜா டிசைனா? அப்ப ரெண்டு வாங்கு."

அவள் விலை பேச ஆரம்பித்தாள். ஜாவா மொழியில், தலை குனிந்து, குரலை இறக்கி, சிரித்துக்கொண்டே, பிடிவாதமாக. கடைக்கார அம்மாளும் அதே மாதிரி சிரித்துக்கொண்டே. பாதி விலைக்கு வந்ததும் நான் பணத்துக்காகக் கையை நீட்டினேன். மகள் கண்ணால் அடக்கினாள். இன்னும் ஐயாயிரம் ரூபியா இறங்கியது. ஐயாயிரம், அதாவது 25 ரூபாய். அந்த 25 ரூபாய்க்காக நாங்கள் கடைசிப் பஸ்ஸை விட்டோம். அப்போதுகூட அவள் டாக்ஸி கூப்பிடவில்லை.

இரவு படுக்கப் போகும்போது என் போனில் அவள் அனுப்பிய கணக்கு வந்தது. அச்சு அசலாக என் பேரேட்டு வடிவம். தேதி, விவரம், பற்று, வரவு. 'அப்பாவின் பலகாரம் 7 (அவர் சொன்னது 4, அம்மாவின் சாட்சியம் ஏற்கப்பட்டது)' என்று ஒரு வரி. என்னிடம் வாங்கிய பணத்தில் மீதி எவ்வளவு என்று கடைசி வரியில். மறுநாள் காலை அதை ரூபியா குறையாமல் எண்ணிக் கையில் கொடுத்துவிட்டு, தன் பங்கு ரயில் கட்டணத்தைத் தானே போட்டிருப்பதாகவும் சொன்னாள். காடை முட்டை என்று ஒரு வரி எங்கும் இல்லை. 'ஜியோமெட்ரி பாக்ஸ், 2' என்று இருந்தது.

ஜோக்ஜாவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. போரோபுதூர் மேலே ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று கணக்கு வைத்துத்தான் விடுகிறார்கள். சீட்டை முன்கூட்டியே பதிந்துவிட்டுப் போங்கள். நார்த்தங்காய் எடுத்துப் போங்கள், ஆனால் விநியோகிக்காதீர்கள். முக்கியமாக, அங்கே படிக்கிற பிள்ளையைப் பார்க்கப் போனால் காலைத் தொட்டுக் கும்பிடும்போது பர்ஸை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.